யாழ்ப்பாணத்தில் வெண்பனி பெய்யுமா?

மார்கழி பிறந்து வாடைக் காற்று வீசத் தொடங்கியதும், யாழ்ப்பாணத்து வாசிகசாலைத் திண்ணைகளில் இக்கேள்வி எப்படியோ தலைகாட்டிவிடுகிறது. கனடாவிலுள்ள மருமகன் முழங்காலளவு வெண்பனியில் நின்று எடுத்த படம் ஒருவர் கைக்கு வந்திருக்கும். நுவரெலியாப் புற்றரையில் வெள்ளை படிந்த படம் இன்னொருவரிடம் இருக்கும். "உலகத்துக் காலநிலையே தலைகீழாகி வருகிறதே, இங்கும் ஒருநாள் கொட்டாதென்று யார் சொல்வது?" என்பார் மூன்றாமவர். வானிலையில் ஆர்வமுள்ள இளைஞரோ செய்மதிப் படத்தை விரித்துக் காட்டி மறுப்பார். பொழுது இனிதே கழியும்.

இவ்வழக்கிற் பாதிக் குழப்பம் நம் சொல்லால் நேர்வது. புல் நுனியிற் துளிர்ப்பதும் பனி; விடியற்காலையிற் பனைகளை மறைக்கும் புகாரும் பனி; குளிர்நாட்டிற் பஞ்சுபோல் உதிர்வதும் பனியே. மார்கழி, தை முன்பனி என்றும், மாசி, பங்குனி பின்பனி என்றும் பருவம் வகுத்த நம் முன்னோர் தம் நிலத்திற் கண்டவை முதலிரண்டுமே.

நுவரெலியாவின் வெண்மை வேறொன்று. அது வானிலிருந்து விழுவதன்று. தை, மாசியில் முகிலற்று, காற்றும் அடங்கிய இரவில் தரை தன் வெப்பத்தை வெளிக்கு இழந்து உறைநிலைக்குக் கீழ் இறங்குகிறது. அதனைத் தொடும் காற்றிலுள்ள நீராவி புல்லின்மீதே பளிங்காய்ப் படிகிறது. இதனைத் துகள் உறைபனி என்பர். உதகமண்டலத்திற் காண்பதும் இதுவே. படம் பிடிக்கச் செல்வோருக்கு அது அழகு. தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்குச் செடியும் கருகக் காண்போருக்கு அவ்வாறன்று.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். ஆசியாவின் உள்நாட்டுக் கடுங்குளிரை இமயமலை மறித்துவிடுகிறது. நம்மை அடையும் வாடையும் வங்காள விரிகுடாவின் வெதுவெதுப்பான நீர்மேல் நெடுந்தொலைவு கடந்து, சூடேறி, ஈரமேந்தியே வருகிறது. இவ்வட்டாரத்தில் உறைநிலை தொடங்குவது ஏறத்தாழ 5 கிலோமீற்றர் உயரத்தில். இலங்கையின் மிகவுயர்ந்த மலையாகிய பிதுருதலாகலையோ 2,524 மீற்றர்தான். அதன் உச்சிக்கே கிட்டாதது, பெயரில் மட்டும் மலையையுடைய நம் கீரிமலைக்கு எங்ஙனம் கிட்டும்? உலகம் வெப்பமடைய அவ்வெல்லை இன்னும் மேலே செல்லுமேயன்றிக் கீழே வாராது. ஆகவே மூன்றாமவர் வாதம் தலைகீழானது.

ஆயினும் அவர் மனந்தளர வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தின்மீது வெண்பனி பெய்வதுண்டு. நம்மை வந்தடைவதில்லை, அவ்வளவே. இடிமுகில்கள் உறைநிலையைக் கடந்து பல கிலோமீற்றர் மேலோங்கும்போது, அவற்றின் தலைப்பகுதியிற் பனிப்பளிங்குகளே உருவாகின்றன. அவை ஒன்றோடொன்று ஒட்டி, செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் என மெல்ல இறங்குகையில், வெப்பக் காற்றில் உருகி மழைத்துளியாகின்றன. நாம் குடைபிடித்துத் தடுக்கும் பெருமழையில் ஒரு பகுதி, சற்றுமுன் வெண்பனியாய் இருந்ததே. ஆலங்கட்டியோ பாரமிகுந்து விரைந்து வீழ்வதால், உருகி முடியுமுன்னே முற்றத்தை அடைந்துவிடுகிறது. எப்போதாவது அது விழும்போது, சிறுவர் பாத்திரம் ஏந்தி ஓடுவதைப் பார்க்கவேண்டும்!

இத்திண்ணைப் பேச்சை வெறும் விளையாட்டென்று விடுவதற்கில்லை. 2022 டிசம்பரில் மண்டோசுப் புயல் வங்காள விரிகுடா வழியே சென்று மாமல்லபுரத்தருகே கரைகடந்தது. அந்நாட்களில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆடுமாடுகள் குளிரால் இறந்தன. வெண்பனி ஒரு துகளும் விழவில்லை. வெப்பமானி உறைநிலையின் அயலிலும் செல்லவில்லை. விடாத மழை தோலை நனைக்க, விடாத காற்று அவ்வீரத்தை உலர்த்தும்போது உடற்சூட்டையும் உடன் கொண்டுபோயிற்று. திறந்த வெளியில் நின்று பழகிய மெலிந்த மாடுகளுக்கு ஒதுங்கக் கூரையில்லை. பனிநாட்டு மாடு கொட்டிலிலே குளிர்காலத்தைக் கழிக்க, வெயில்நாட்டு மாடு மழையில் விறைத்து வீழ்ந்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா போன்றோர் வெளியிடும் முன்னறிவிப்புகளை இன்று பலர் தேடிப் படிக்கின்றனர். திண்ணையில் இளைஞர் செய்மதிப் படத்தை விரிக்கையில், மாடு வளர்ப்பவர் வெண்பனியைப் பற்றிக் கேட்பதில்லை. "காற்று எந்தப் பக்கம், தம்பி? மழை எத்தனை நாளைக்கு நிற்கும்?" என்றுதான் கேட்கிறார்.