பட்டறையில் அடித்த பெட்டிக்கும் ஒரு நம்பர் வேண்டும்!

தூத்துக்குடியில் விடியற்காலை சாலையில் நின்று பாருங்கள். வ.உ.சி. துறைமுகத்தை நோக்கி 20 அடி, 40 அடி கன்டெய்னர்களைச் சுமந்த வண்டிகள் வரிசையாகப் போகும். அவற்றுக்கு நடுவே உப்பு மூட்டை ஏற்றிய டிராக்டர் பெட்டிகள் ஊர்ந்து போகும். கொஞ்சம் தள்ளி, கடற்கரைப் பக்கம், வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்றிய கைவண்டியை பைக்குக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கிட்டு ஒருத்தர் போவார்.

கன்டெய்னர் வண்டிக்கு எல்லா ஆவணமும் இருக்கும். இல்லாவிட்டால் துறைமுக வாசலைத் தாண்ட முடியாது. ஆனால் உள்ளூர் பட்டறையில் அடித்த பெட்டிக்கு? "அண்ணாச்சி, அதுல எஞ்சினே கிடையாதே, அதுக்கு எதுக்கு ஆர்.சி.?" என்று கேட்பவர்கள் நிறைய பேர். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

எது டிரெய்லர்?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன்படி, மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படும் அல்லது இழுப்பதற்காகச் செய்யப்பட்ட எந்த வண்டியும் டிரெய்லர்தான். செமி-டிரெய்லரும் சைடு-காரும் மட்டும் இதில் சேராது. அதே சட்டத்தில் 'மோட்டார் வாகனம்' என்ற சொல்லுக்குள் டிரெய்லரும் அடக்கம். எஞ்சின் இருக்கிறதா இல்லையா என்பது இங்கே கணக்கில்லை.

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வண்டி செமி-டிரெய்லர் வகை. அதன் எடையில் ஒரு பகுதி முன்னால் இழுக்கும் வண்டியின் மேலேயே அமர்ந்திருக்கும். டிராக்டர் பெட்டி டிரெய்லர் வகை. இரண்டுக்குமே தனிப் பதிவு தேவை. ஆலை வளாகம் போன்ற மூடிய இடத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென்றே வடிவமைத்த வண்டிக்குத்தான் விலக்கு. அது வெளியே பொதுச் சாலையில் இறங்கினால் அந்த விலக்கு உதவாது.

நாமே செய்துகொள்ளலாமா?

சேனல், ஆங்கிள், அச்சு, பழைய லாரி டயர் எல்லாம் வாங்கிக் கொடுத்தால், வெல்டிங் பட்டறையில் ஒரு பெட்டி ரெடியாகிவிடும். சாலையில் ஓட்டத்தான் அது போதாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 47-வது விதி, டிரெய்லரைப் பதிவு செய்ய வருபவரிடம் அதன் வடிவமைப்புக்குக் கிடைத்த ஒப்புதல் ஆணையின் நகலைக் கேட்கிறது. அதோடு படிவம் 20-ல் விண்ணப்பம், படிவம் 21-ல் விற்பனைச் சான்று, செல்லுபடியாகும் காப்பீடு ஆகியவையும் வேண்டும்.

ஆகவே பட்டறைக்காரரிடம் முதலில் விலையைக் கேட்காதீர்கள். "உங்க டிசைனுக்கு ஒப்புதல் இருக்கா? விற்பனைச் சான்று தருவீங்களா?" என்று கேளுங்கள். இருந்தால் நகலைக் கையில் வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள். இல்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பதிவு செய்ய முடியாத பெட்டியை பிறகு விற்பதும் கஷ்டம்.

வைக்கோல் பெட்டியில் உப்பு

நம்ம ஊரில் நடக்கும் பெரிய தப்பு இதுதான். 3 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 0.6 மீட்டர் உயரம் உள்ள பெட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 3.2 கனமீட்டர். அதில் வைக்கோல் நிரப்பினால் டிராக்டருக்கு ஒன்றும் தெரியாது. கல் உப்பு ஒரு கனமீட்டருக்கு சுமார் 1 டன் இருக்கும்; ஈர உப்பு என்றால் இன்னும் கூடும். அதே பெட்டியை உப்பால் விளிம்பு வரை நிரப்பினால் 3 டன்னுக்கு மேல் ஆகிவிடும். எனவே பெட்டி நிறைந்ததா என்று கண்ணால் பார்த்து அளக்கக் கூடாது. ஆர்.சி.யில் உள்ள எடை எவ்வளவோ அவ்வளவுதான் ஏற்ற வேண்டும். அதிக பாரத்துக்கு சட்டத்தின் 194-வது பிரிவு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் சொல்கிறது.

எங்கே ஏற்றுகிறோம் என்பதும் முக்கியம். இரண்டு சக்கரப் பெட்டியில் பாரம் அச்சுக்குப் பின்னால் கூடினால் இழுவைக் கம்பி மேலே தூக்கும். டிராக்டரின் பின்சக்கரம் தரையில் பிடிப்பை இழக்கும், பெட்டி பாம்பு மாதிரி ஆடும். பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். பெட்டிக்குப் பிரேக் இல்லாவிட்டால், டிராக்டர் நின்றாலும் பின்னால் இருக்கும் 3 டன் அதை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். பாலத்து இறக்கத்தில் வண்டி மடங்கிக் கவிழ்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, உப்புக் காற்று. நம்ம கடற்கரையில் வெல்டிங் மூட்டும், கொக்கியும், அடிச்சட்டமும் சீக்கிரம் துருப்பிடிக்கும். பெயின்ட்டுக்கு அடியில் துரு தின்பது வெளியே தெரியாது. உப்பு இறக்கிய பிறகு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். துருவை முழுசா தேய்த்து எடுத்த பிறகே ரெட் ஆக்சைடு அடியுங்கள். கொக்கி பின்னைத் தட்டிப் பாருங்கள், தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பின் உடைந்தாலும் பெட்டி தனியாக ஓடிவிடாமல் இருக்க ஒரு பாதுகாப்புச் சங்கிலி போடுங்கள்.

இருட்டில் தெரியாத பெட்டி

60 கி.மீ. வேகத்தில் வரும் பைக் ஒரு வினாடிக்கு சுமார் 17 மீட்டர் கடக்கும். 3 வினாடியில் 50 மீட்டர். விளக்கு இல்லாத, அழுக்கேறிய பெட்டி ஒன்று சாலையோரம் நின்றால், அதைக் கண்ணில் பார்த்து, புரிந்து, பிரேக் பிடிப்பதற்குள் அந்தத் தூரம் முடிந்துவிடும். டிரெய்லரின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் சிவப்புப் பிரதிபலிப்பான் இருக்க வேண்டும் என்று விதி 104 சொல்கிறது. அதன் விலை ஒரு வேளை டீச்செலவு. பின்விளக்கு எரிகிறதா என்று புறப்படும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டிரெய்லருக்கு அதன் சொந்தப் பதிவு எண் உண்டு. அதோடு, இழுத்துச் செல்லும் வண்டியின் எண்ணும் கடைசி டிரெய்லரில் தெரிய வேண்டும் என்கிறது சட்டத்தின் 61-வது பிரிவு. பின்னால் வருபவருக்கு டிராக்டரின் நம்பர் பிளேட் தெரியாது அல்லவா, அதற்காகத்தான்.

காப்பீடும் ஆட்களும்

'டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருக்கே' என்று நினைக்க வேண்டாம். பாலிசியை எடுத்துப் பாருங்கள். டிரெய்லருக்கும் பிரீமியம் கட்டியிருக்கிறதா, அதன் எண் எழுதியிருக்கிறதா? இல்லாவிட்டால் விபத்து இழப்பீடு உங்கள் கையிலிருந்து போகலாம். வீட்டை விற்கும் அளவுக்குக்கூட அந்தத் தொகை வரும்.

உப்பு 'விளைகிறது' என்றுதான் நாம் சொல்கிறோம். ஆனால் உப்பளம் ஒரு தொழில். விவசாய உபயோகத்துக்கென்று பதிவும் காப்பீடும் எடுத்த டிரெய்லரில் வாடகைக்கு உப்பு ஏற்றினால், அதைக் காட்டியே காப்பீட்டு நிறுவனம் மறுக்க இடம் உண்டு. எந்த உபயோகத்துக்கு ஓட்டுகிறீர்களோ அதற்கே பதிவு செய்யுங்கள்.

மிக முக்கியமானது ஆட்கள். வேலை முடிந்து உப்பளப் பெண்கள் மூட்டை மேல் உட்கார்ந்து வீடு திரும்புவது நமக்குப் பழகிப்போன காட்சி. சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் சென்றவர்களுக்கு இழப்பீடு தரும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பெட்டி கவிழ்ந்தால் அடிபடுவது அவர்கள், அதன் பிறகு அலைவதும் அவர்கள் குடும்பம். "ஏறிக்கோங்க அக்கா" என்று சொல்வது அன்புதான். ஆனால் பஸ்ஸுக்கோ ஷேர் ஆட்டோவுக்கோ ஏற்பாடு செய்வது அதைவிடப் பெரிய அன்பு.

போனிலேயே சரிபார்க்கலாம்

* எம்-பரிவாஹன் செயலியில் டிரெய்லரின் பதிவு எண்ணைப் போட்டு, காப்பீடும் தகுதிச் சான்றும் எந்தத் தேதி வரை என்று பாருங்கள். டிராக்டர் எண்ணைத் தனியாகப் பாருங்கள்.
* ஆர்.சி., காப்பீடு ஆகியவற்றை எம்-பரிவாஹனிலோ டிஜிலாக்கரிலோ வைத்துக்கொள்ளுங்கள். சோதனையின்போது காட்டினால் அசல் போலவே ஏற்பார்கள்.
* பழைய பெட்டி வாங்கும்போது சேசிஸ் எண்ணைப் போட்டோ எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.
* 'அபராதம் கட்டுங்க' என்று வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்பைத் திறக்காதீர்கள். அபராதம் இருக்கிறதா என்று பரிவாஹன் தளத்தில் நீங்களே போய்ப் பாருங்கள்.
* விபத்து என்றால் 108. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. அரசு சேவை குறித்த புகாருக்கு முதல்வர் உதவி எண் 1100.

பதிவில்லாத வண்டியை ஓட்டினால் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். ஏற்கெனவே பெட்டி அடித்து ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், சாலையில் பிடிபடும்வரை காத்திருக்காமல், பட்டறை ரசீதோடும் பெட்டியின் போட்டோக்களோடும் உங்கள் பகுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். பதிவுக்கு வழி இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார்கள். வழி இல்லை என்றால், அந்தப் பெட்டி உப்பளத்து வரப்புக்குள்ளேயே நிற்கட்டும்.