திரைக்குள் ஒரு மேசை

'தாமரை போன்ற முகம்' என்றால் உவமை. 'முகத்தாமரை' என்றால் உருவகம். 'போன்ற' உதிர்ந்ததும் முகமே தாமரையாகிவிடுகிறது. கணினித் திரையில் அன்றாடம் நாம் தொட்டுப் பழகுவதும் உருவகம்தான். காகிதம் போன்ற ஒன்று என்று திரை சொல்வதில்லை. காகிதம் என்றே காட்டுகிறது.

1981-இல் ஜெராக்ஸ் நிறுவனம் 'ஸ்டார்' என்ற அலுவலகக் கணினியை அமெரிக்காவில் வெளியிட்டது. கட்டளைகளை மனப்பாடம் செய்து தட்டச்சுவதே அன்று பெரும்பாலான கணினிகளில் வழக்கம். ஸ்டாரை வடிவமைத்தவர்கள் நிரலில் கை வைப்பதற்கு முன்பே ஒன்றைத் தீர்மானிக்க உட்கார்ந்தார்கள்: திரையில் என்னென்ன பொருள்கள் இருக்கும், அவற்றை வைத்து என்னென்ன செய்யலாம், பயன்படுத்துபவர் மனத்தில் இது எப்படிப் பதியவேண்டும்? இந்த மனச்சித்திரத்தைத்தான் வடிவமைப்பாளர்கள் 'மாதிரி' என்கிறார்கள். அதற்கு அவர்கள் கண்டெடுத்த உருவகம், அலுவலக மேசை.

மேசைமேல் ஆவணம், கோப்புறை, தபால் கூடை, பிரின்டர் எல்லாம் சின்னச் சின்னப் படங்கள். கடிதத்தை அச்சிட வேண்டுமா? அதன் படத்தைத் தேர்ந்தெடுத்து, விசைப்பலகையில் 'நகர்த்து' விசையை அழுத்தி, பிரின்டர் படத்தைச் சுட்டினால் போதும். யாருக்காவது அனுப்ப வேண்டுமா? அதே விசைதான்; சுட்டுவது மட்டும் தபால் கூடையை. செயல் ஒன்றே, வைக்கும் இடத்துக்கேற்ற பலன். இத்தனை எளிமையை எட்ட எவ்வளவு யோசித்திருக்க வேண்டும்!

16,000 டாலருக்கும் மேல் விலை வைத்த ஸ்டார் சந்தையில் எடுபடவில்லை. மேசை பிழைத்துக்கொண்டது. ஆப்பிளின் லிசா 1983-இலும் மெக்கின்டோஷ் 1984-இலும் அதைப் பரப்பின.

மெக்கின்டோஷில் ஓர் இடத்தில் உருவகம் சறுக்கியது. கோப்பைக் குப்பைத் தொட்டியில் போட்டால் அது நீக்கப்படும். ஃபிளாப்பி வட்டின் படத்தைப் போட்டாலோ வட்டு பத்திரமாக வெளியே வரும்! உள்ளதெல்லாம் போய்விடுமோ என்று பயந்தவர்கள் பலர். அந்தப் பயம் நியாயமானது. குப்பைத் தொட்டி என்று சொன்னதை அவர்கள் நம்பினார்கள், அவ்வளவுதான். பின்னாளில் வட்டை இழுக்கும்போது தொட்டியின் படமே 'வெளியேற்று' குறியாக மாறும்படி ஆப்பிள் திருத்தியது.

தமிழில் செயலி உருவாக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். படம் வரையும் முன், அதைப் பார்ப்பவர் அடுத்து என்ன நடக்கும் என்று எதிர்பார்ப்பார் எனக் கேட்டு எழுதி வையுங்கள். அதுவே நடக்கும்படி நிரலை எழுதுங்கள்.