பெயரா, பொதுச்சொல்லா?

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது. அதனாலோ என்னவோ, ஆங்கிலத்தில் எழுதும்போது நம்மவர் பலர் முக்கியமாகத் தோன்றும் சொல்லுக்கெல்லாம் பெரிய எழுத்துப் போட்டுவிடுகிறார்கள். வாக்கியத் தொடக்கமும் ஊர்ப்பெயரும் சிக்கலில்லை. ஆறு, அம்மா, அதிபர் போன்ற பொதுப்பெயர்களில்தான் தடுமாற்றம்.

முக்கியத்துவம் இங்கே அளவுகோலே அல்ல. சொல் அந்த இடத்தில் ஒன்றன் பெயராக நிற்கிறதா, அல்லது இன்ன வகை என்று மட்டும் சொல்கிறதா என்பதுதான் கேள்வி.

மொன்றியலில் நான் இருக்கும் லாசால் பகுதியை ஒட்டி செயின்ட் லாரன்ஸ் ஆறு ஓடுகிறது. ஆங்கிலத்தில் 'செயின்ட் லாரன்ஸ் ரிவர்' என்று முழுதாக எழுதினால் ரிவருக்கும் பெரிய எழுத்து. அது பெயரின் பகுதி. அடுத்த வரியில் வெறும் 'தி ரிவர்' என்றால் சின்ன எழுத்து. அதே ஆற்றைப் பிரெஞ்சில் எழுதும்போது, முழுப்பெயரிலும் ஆறு என்ற சொல்லுக்குச் சின்ன எழுத்துதான். எங்கள் நியூமன் பூலவாருக்கும் அதே கதை. 'தமிழ்' என்ற சொல்லின் பாடு இன்னும் வேடிக்கை: பிரெஞ்சில் மொழியைக் குறித்தால் சின்ன எழுத்து, தமிழரைக் குறித்தால் பெரிய எழுத்து. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பெரியதே. இதெல்லாம் அந்தந்த மொழியின் வழக்கம். தர்க்கம் தேடிப் பயனில்லை.

கதை மொழிபெயர்ப்பவர்களுக்கு உறவுமுறைச் சொற்கள்தான் பெரிய தலைவலி. 'என் அம்மா' என்று வந்தால் அம்மாவுக்குச் சின்ன எழுத்து. 'அம்மா வந்தாள்' என்றால் பெரியது, ஏனெனில் அங்கே அது பெயர் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறது. கந்தையா மாமாவின் மாமாவுக்கும் பெரியதே. ஒரே பத்தியில் அம்மா இருவிதமாகவும் வரலாம். அதை அச்சுப்பிழை என்று திருத்தக்கூடாது.

பதவிப் பெயர்களில் இடம் தீர்மானிக்கிறது. 'பிரெசிடென்ட் லிங்கன்' என முன்னால் ஒட்டினால் பெரிய எழுத்து. 'லிங்கன், அமெரிக்காவின் பிரெசிடென்ட்' எனப் பின்னால் வந்தால், பல பதிப்பகங்களின் வழக்கப்படி, சின்னது. 'புலவர் கபிலர்' என்பதுபோலச் சிறப்புப் பெயரை முன்வைத்து இயற்பெயரைப் பின்வைக்கச் சொன்ன தொல்காப்பியக் கிளவியாக்க விதி நினைவுக்கு வருகிறது. எழுத்தில் பேதமில்லாத நாம் வரிசையில் காட்டினோம் போலும்.

ஆங்கிலமும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1787இல் எழுதிய அமெரிக்க அரசியல் சாசனத்தில் பெயர்ச்சொற்களுக்கெல்லாம் பெரிய எழுத்தைத் தாராளமாகப் பார்க்கலாம். ஜெர்மன் மொழி இன்றும் அந்த வழக்கத்தை விடவில்லை. டேனிஷ் 1948இல் விட்டுவிட்டது.

சில இடங்களில் இந்த எழுத்து மரியாதைப் பிரச்சினையாகவே ஆகியிருக்கிறது. 'நீக்ரோ' என்ற சொல்லுக்குப் பெரிய எழுத்து வேண்டுமென்று டுபாய்ஸ் 1899இலேயே தமது நூலொன்றின் அடிக்குறிப்பில் வாதிட்டார். நியூயார்க் டைம்ஸ் அதை ஏற்க 1930 ஆயிற்று. கறுப்பின மக்களைக் குறிக்கும் 'பிளாக்' என்ற சொல்லுக்கு அசோசியேட்டட் பிரஸ் பெரிய எழுத்துத் தந்தது 2020இல்தான். 'தலித்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போதும் பெரிய எழுத்தே தகும் என்பது என் கருத்து. ஒரு மக்கள் தாங்களே சூட்டிக்கொண்ட பெயர் அது, வெறும் அடைமொழி அல்ல.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. 'இன்டர்நெட்' வெகுகாலம் பெரிய எழுத்தோடு திரிந்தது. 2016இல் அதே அசோசியேட்டட் பிரஸ் அதைச் சின்ன எழுத்துக்கு இறக்கி, தொலைபேசி, மின்சாரத்தோடு சேர்த்துவிட்டது.