வேம்பூர்ப் பெட்டையின் தலையீற்று

விருதுநகர் மாவட்டத்தின் இருக்கன்குடி, நென்மேனிப் பகுதிகளிலும், அடுத்துள்ள தூத்துக்குடி மாவட்டத்தின் விளாத்திகுளம் வட்டத்திலும் மேயும் வேம்பூர் ஆடு, வெள்ளை உடலில் செம்பழுப்புத் திட்டுகள் சிதறியிருப்பதால் பொட்டு ஆடு எனவும் வழங்கப்படுகிறது. சிவகாசியில் பட்டாசும் தீப்பெட்டியும் வேரூன்றக் காரணமான அதே வறட்சிதான், விளைச்சல் பொய்க்கும் ஆண்டுகளில் கைகொடுக்கும் செம்மறி வளர்ப்பையும் இங்கு நிலைபெறச் செய்தது. ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும் இவ்வினத்தில், பெட்டை தன் ஆயுளில் எத்தனை முறை தவறாமல் ஈனுகிறது என்பதைப் பொறுத்தே வருமானம் அமைகிறது.

பெட்டைக்குட்டி பருவமடைவதை வயதைக் காட்டிலும் உடல் எடையே முடிவு செய்கிறது. வளர்ந்த பெட்டையின் எடையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டிய பிறகே இணைசேர்க்க வேண்டும் என்பது பொது விதி. வேம்பூர்ப் பெட்டை ஏறக்குறைய 28 கிலோ இருக்குமாதலால், அவ்வரம்பு 18 முதல் 20 கிலோ வரை அமையும். அதற்கு முன்பே சினைப்பட்டால், உண்ணும் தீனி தன் வளர்ச்சிக்கும் கருவுக்கும் போதாமல், ஈனும்போது சிக்கலும் பிறகு பால் குறைவும் நேர்ந்து, அடுத்த சினையும் தள்ளிப்போகும். ஆகவே கிடாக்குட்டிகளை நான்கைந்து மாதத்திலேயே பிரிப்பதும், மந்தையில் மேயும் பொலிகிடாவின், அதாவது இனவிருத்திக்கான ஆணின், வயிற்றில் சாக்குத் துணியைக் கட்டிவிடுவதும் பயன் தரும்.

சினைப்பருவம் 16 அல்லது 17 நாட்களுக்கு ஒருமுறை வந்து, ஒன்று முதல் ஒன்றரை நாள் வரை நீடிக்கும். ஈன்று பழகிய ஆடு கிடாவைத் தேடிச் செல்லும். இளம் பெட்டை அவ்வாறு தேடுவது குறைவாதலால், அதைத் தனிக் கூட்டமாக்கி அனுபவமுள்ள கிடாவோடு விடுவது நல்லது. கிடாவின் நெஞ்சில் காவியை எண்ணெயில் குழைத்துப் பூசினால், இணைசேர்ந்த பெட்டையின் பின்புறத்தில் காவிக் கறை படியும். ஏறத்தாழ 17 நாள் கழித்துப் புதிய கறை தென்பட்டால் முதல் சேர்க்கையில் சினை நிற்கவில்லை என்று அறியலாம்.

இணைசேர்க்கைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து நாளொன்றுக்கு 200 கிராம் அளவில் அடர்தீவனம், அதாவது தானியமும் பிண்ணாக்கும் கலந்த தீனி, கொடுத்தால், மெலிந்த பெட்டைகளில் கருமுட்டை வெளியேறும் எண்ணிக்கை உயரும். கருவின் வளர்ச்சியில் பெரும்பங்கு ஐந்து மாதச் சினைக்காலத்தின் கடைசி ஆறு வாரங்களில் நிகழ்வதால், அப்போதும் இத்தீனி தேவைப்படுகிறது.

வேம்பூர் ஆட்டைப் போலன்றி, வங்காளத்துச் சுந்தரவனத்தின் கரோல் ஆடு, மரபணு மாற்றமொன்றால் இரட்டையும் மூன்றுமாகக் குட்டி ஈனுகிறது. மகாராஷ்டிரத்தின் பல்டணில் அம்மரபணுவை உள்ளூர் இனத்துக்குள் கொண்டுவந்துள்ளனர். எனினும் கோடையில் புல் கருகும் விருதுநகர், தூத்துக்குடிக் கரிசல் நிலத்தில் இரண்டு குட்டிக்குப் பாலூட்டத் தாய்க்குத் தீனி வேண்டும். அது உறுதியாகாத வரை, உரிய எடையில் சினைப்பட்டு ஆண்டுதோறும் ஒரு திடமான குட்டி ஈனும் பெட்டையே இங்கு இலாபமானது.