தொடையின் வெளிப்பக்கம் மட்டும் ஏன் மரத்துப்போகிறது?

மணிக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு எழுந்தால், சிலருக்குத் தொடையின் வெளிப்பக்கம் மட்டும் மரத்திருக்கும். தடவினால் அடுத்தவர் தோலைத் தொடுவதுபோல இருக்கும். சில நேரம் எறும்பு ஊரும், எரியும். லுங்கி உரசினால்கூடக் கூசும். ரத்த ஓட்டம் நின்றுவிட்டதோ என்று பயப்படுகிறார்கள். பெரும்பாலும் சிக்கல் ஒரு நரம்பில்தான்.

கீழ்முதுகிலிருந்து கிளம்பும் அந்த மெல்லிய நரம்பு, இடுப்பெலும்பின் முன்முனையை ஒட்டி, ஒரு நார்ப்பட்டைக்கு அடியில் நுழைந்து தொடைக்கு இறங்குகிறது. இடுப்பின் முன்பக்கம் துருத்தும் எலும்பைத் தொட்டுப் பாருங்கள். இறுக்கமான பெல்ட்டும் ஜீன்ஸும் அழுத்துவது அங்கேதான். உட்காரும்போது இடுப்பு மடங்கி, தொப்பையும் சேர்ந்து நெருக்கும். கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். 1895-ல் பெர்ன்ஹார்ட், ரோத் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்த இதன் பெயர் 'மெரால்ஜியா பாரஸ்தெட்டிகா'.

இந்த நரம்புக்குத் தொடுவுணர்ச்சி மட்டுமே வேலை, தசையை அசைப்பதில்லை. அதனால் கால் பலம் குறையாது. பெல்ட்டைத் தளர்த்துங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், எடை கூடியிருந்தால் குறையுங்கள். பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ இதுவே போதும். ஆனால் கால் தளர்ந்தாலோ, இரு தொடைகளின் உட்புறமும் மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அது முதுகுத்தண்டு சார்ந்த அவசரமாக இருக்கலாம்.