படுத்தபடி வந்த கோபுரம்

கடல் தாண்டி ஒரு கோபுரம் வருகிறது, அதுவும் படுத்தபடி! 2017 ஜனவரியில் இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் நகரத்துக்குக் கிடைத்த காட்சி இது. உயரம் 105 மீட்டர். நம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தையும் தாண்டி இன்னும் முப்பது மீட்டருக்கு மேல்! பெல்ஜியத்தில் செய்து, தட்டைப் படகில் கிடத்தி, வட கடல் வழியாக இழுத்து வந்தார்கள்.

எதற்கு இத்தனை பாடு? காசில்டவுன், பேலியன் என்று வியர் ஆற்றின் இரண்டு கரைகளிலும் குடியிருப்புகள். எதிர்க்கரை கண்ணெதிரே தெரியும். வண்டியில் போகவேண்டும் என்றால் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். சண்டர்லேண்டில் ஆற்றின் மேல் புதுப் பாலம் எழும்பி நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. இந்த இரண்டு கரைகளையும் இணைக்கும் புதுப் பாலத்தைத் தாங்கத்தான் அந்தக் கோபுரம்.

கட்டுமான வேலிக்கு உள்ளே எட்டிப் பார்ப்போம், வாருங்கள். முதலில் ஆற்றுக்குள் அஸ்திவாரம். இரும்புத் தகடுகளை ஆற்றின் அடித்தரைக்குள் நெருக்கி அடித்து, ஓர் இடத்தைச் சுற்றி வளைத்து, உள்ளே இருந்த தண்ணீரை இறைத்துவிட்டார்கள். வெளியே ஆறு ஓடிக்கொண்டிருக்க, உள்ளே ஆட்கள் கம்பி கட்டிக் கான்கிரீட் போடுகிறார்கள்! நினைத்தாலே சிலிர்க்கிறது.

பிறகு கோபுரத்தின் ஊர்வலம். துறைமுகத்திலிருந்து ஆற்றில் மேலேறி வரும்போது, 1909இல் திறந்த குயின் அலெக்சாண்ட்ரா பாலம் உட்படப் பழைய பாலங்களுக்கு அடியில் நுழைந்து வரவேண்டும். கடல் ஏறி இறங்கும் நேரம் பார்த்துத்தான் படகை நகர்த்தமுடியும். பிப்ரவரியில் கோபுரத்தின் அடியை அஸ்திவாரத்தில் பொருத்தி, தலையை எஃகு வடங்களால் கட்டி, ஹைட்ராலிக் ஜாக்கிகளால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார்கள். 1,500 டன்னுக்கு மேல் எடை, அவசரமே இல்லாமல் எழுந்து நின்றது!

எனக்கு இதைவிடப் பிடித்தது பாலத்தின் தளம் வந்த விதம். அதை ஆற்றுக்கு மேல் கட்டவே இல்லை. பேலியன் கரையிலேயே தரையில் வைத்துக் கோத்து, பின்னாலிருந்து தள்ளித் தள்ளித் தண்ணீருக்கு மேல் நீட்டினார்கள். 336 மீட்டர் நீளப் பாலத்தில் ஆற்றைத் தாண்டும் பகுதி இப்படித்தான் அக்கரை போய்ச் சேர்ந்தது. கடைசியில் கோபுரத்திலிருந்து 28 வடங்கள் இறங்கித் தளத்தைப் பிடித்துக்கொண்டன. தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிய கரை இது. 1980களின் இறுதியில் அந்தக் கப்பல் கட்டும் தளங்கள் மூடப்பட்டன. அத்தனை எஃகையும் வேலையையும் மறுபடி அங்கே பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

பாலத்தின் பெயரையும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள்: நார்தர்ன் ஸ்பயர். 11.7 கோடி பவுண்ட் செலவில் முடிந்து 2018 ஆகஸ்டில் திறந்தார்கள். அந்தப் பக்கம் போக வாய்த்தால் காரில் விருட்டென்று கடந்துவிடாதீர்கள். நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் தனிப் பாதை உண்டு. இறங்கி நடந்து, கோபுரத்தின் கீழ் நின்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.