உங்களுக்குத் தெரியுமா? மூச்சிரைப்புக்குக் காலில் வைத்தியம்!

சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் நோய் முற்றியவர்களுக்கு ஒரு காலத்தில் ஓய்வுதான் மருந்து. அதுவே வினையானது. நடக்காத கால்களில் தொடைத்தசை இளைக்கும். இளைத்த தசை சிறு வேலைக்கே லாக்டிக் அமிலத்தைக் கூடுதலாக உண்டாக்கும், மூச்சு இன்னும் வாங்கும். இன்று மருத்துவ மேற்பார்வையில் 6 முதல் 12 வாரம் வரை நடை, சைக்கிள், எடைப் பயிற்சி தருகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஊதிப்பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையில் பெரிய மாற்றம் தெரியாது. நடக்கும் தூரம் மட்டும் கூடும். 6 நிமிட நடைச் சோதனையில் சுமார் 30 மீட்டர் கூடினாலே மருத்துவர்கள் அதை முன்னேற்றமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரேயடியாக மிதிக்க முடியாதவர்களுக்கு, சற்று நேரம் சைக்கிள், சற்று நேரம் ஓய்வு என விட்டுவிட்டுப் பயிற்சி. பயிற்சியின்போது உதட்டைக் குவித்து மெல்ல மூச்சுவிட்டால், நுரையீரலுக்குள் சிக்கிய காற்று வெளியேற நேரம் கிடைக்கும்.